ரேடியேட்டர் மாப்பிள்ளை

சுத்தியல் என்று பெயர் வாங்கிய மனிதர் ஐந்து நாளாகச் சுத்தியலைத் தொடவே இல்லை. எதிரே டயர் கடை வைத்திருப்பவருக்கு இது தாங்கவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாகப் பட்டறையை எட்டிப் பார்ப்பார்.

"என்னண்ணே, இன்னைக்காவது ஒரு சத்தம் கேக்குமா? இல்ல, இன்னைக்கும் இன்ஜினுக்குத் தாலாட்டுதானா?"

"தாலாட்டுதான். நீ போய் உன் பஞ்சரைப் பாரு."

பெயர் வந்த கதை பழையது. இருபத்திரண்டு வயதில், கழலாத ஒரு போல்ட்டைக் கழற்றிக் காட்டுகிறேன் பார் என்று அவர் போட்ட போட்டில், போல்ட் மட்டுமல்ல, அது உட்கார்ந்திருந்த இரும்பே இரண்டாகப் பிளந்துவிட்டது. அன்றைக்கு முதலாளி வாயில் வந்த பெயர் அது. அதற்கப்புறம் முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் பொறுமையைக் கற்றுக்கொண்டார். மரச்சுத்தியைத் தவிர வேறெதுவும் இப்போது அவர் கையில் சுலபத்தில் ஏறுவதில்லை. ஆனால் பெயர் போகுமா? ஒட்டினது ஒட்டினதுதான். இது அவருக்குத் தெரியாத விஷயமும் இல்லை. ஏனென்றால் அவர் குடும்பத்தில் இன்னொருத்தருக்குப் பெயரை ஒட்டவைத்ததே அவர்தான்.

அந்த இன்னொருத்தர் அவருடைய தங்கை புருஷன். மருந்துக்கடை வைத்திருக்கிறார். இருமல் மருந்தைக்கூட அளவுக் குப்பியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து அளக்கிற ஆள். உறவு முழுக்க அவருக்கு ரேடியேட்டர் மாப்பிள்ளை என்று பெயர். எந்த விசேஷத்துக்குப் போனாலும், கிளம்புகிற நேரத்தில் யாராவது ஒருத்தர் வாசலில் நின்று, "மாப்ள, தண்ணி பாத்தாச்சா?" என்று கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். பதினோரு வருஷமாக இது நடக்கிறது. சிரிக்கிறவர்களுக்குச் சலிப்பே வராது போலிருக்கிறது.

போன திங்கட்கிழமை அந்த மருந்துக்கடைக்காரர்தான் ஒரு பழைய காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். அவருடைய அப்பா வைத்திருந்த கார். உருண்டை முதுகு, உருண்டை விளக்கு, சாம்பல் பூத்த நீல நிறம். கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் பதினோரு வருஷம் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. பின் சீட்டில் எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது.

சுத்தியல் பானெட்டைத் திறந்து, ஸ்பேனரை வைத்து இன்ஜினைச் சுழற்றிப் பார்த்தார். மயிரிழைகூட நகரவில்லை.

"நல்லாப் புடிச்சுக்கிட்டு இருக்கு மாப்ள. ஓட வைக்கணும்னா நாளாகும்."

"ஓடணும்னு நான் கொண்டுவரல மச்சான்."

"பின்ன?"

மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையை எடுத்து, அழுக்கே இல்லாத கையைத் துடைத்தார்.

"இன்ஜினைப் பிரிச்சுப் பாத்தா, அன்னைக்கு நான் தண்ணி ஊத்தினேனா இல்லையான்னு தெரியுமா?"

சுத்தியலுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரிக்கவும் போனார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அது முடிஞ்ச கதை. இப்ப எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு?"

"எனக்கு முடியல மச்சான்." அவர் குரல் தணிந்தது. "ஒரு சீட்டை மூணு தடவை படிக்கிறேன். மருந்தை எடுத்துக் குடுத்துட்டு, போனவங்களைத் திரும்பக் கூப்பிட்டு வாங்கிப் பாக்குறேன். போன மாசம் ஒரு பெரியவர், 'ஏம்ப்பா, என்னைக் கொன்னுட மாட்டேல்ல'ன்னு கேட்டாரு. விளையாட்டாத்தான் கேட்டாரு. அன்னையிலிருந்து மருந்து எடுத்துக் குடுக்கக் கை வரல. வேலைக்கு இருக்கிற அந்த அம்மாதான் குடுக்குறாங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன். ஊத்தினோம்னு நான் சத்தியமா நம்பினது அன்னைக்குப் பொய்யாப் போச்சுன்னா, இன்னைக்கு நான் நம்புறதை எப்படி நம்புறது? கடையை வேற யாருக்காவது விட்டுடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி இது ஒண்ணு மட்டும் தெரியணும்."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"வண்டி கொண்டுவந்தது தெரியும். கடையை விடப்போறது தெரியாது. சொல்லிடாதீங்க."

சுத்தியல் வண்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். "இரும்பு பொய் சொல்லாது மாப்ள. பிரிச்சாத் தெரிஞ்சுடும்," என்றார். சொல்லும்போதே மனசுக்குள், இதில் தெரிய என்ன இருக்கிறது, தெரிந்ததுதானே என்று நினைத்துக்கொண்டார். பாவம், இந்த மனிதருக்குக் கடைசியில் வலிக்காமல் எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் அவருக்கு அப்போதிருந்த கவலை.

அந்த நாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வேறு ஊர் ஆஸ்பத்திரியில் அம்மா கிடந்தாள். சுத்தியல் கூடவே இருந்தார். ஒரு காலையில் டாக்டர் வந்து, வரவேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார். தங்கையும் மாப்பிள்ளையும் இந்தக் காரில்தான் கிளம்பினார்கள். பாதி வழியில் மலை ஏறும்போது புகை கக்கி நின்ற இன்ஜின், நின்றது நின்றதுதான். வழியில் வந்த லாரியை நிறுத்தி ஏறி அவர்கள் வந்து சேர்வதற்குள் அம்மா போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் அம்மா மூன்று தடவை கண்ணைத் திறந்து, "அவ வந்துட்டாளா?" என்று கேட்டிருந்தாள். மூன்று தடவையும் கையைப் பிடித்துக்கொண்டு, "இதோ வந்துடுவாம்மா," என்று சொன்னவர் சுத்தியல்.

அந்தக் கேள்விகளை அவரால் தூக்கிச் சுமக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லோர் முன்னிலையிலும் மாப்பிள்ளையைப் பார்த்து, "கிளம்பும்போது தண்ணி பாத்தீங்களா?" என்று கேட்டார். "ஊத்தினேன் மச்சான்," என்றார் அவர். "ஊத்தியிருந்தா இன்ஜின் ஏன் புடிச்சுக்குது?" என்று கேட்டார் இவர். இரண்டு நாள் கழித்து வண்டியை இழுத்துவரப் போனபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். காய்ந்து கிடந்தது. கொதித்து ஆவியாகப் போயிருந்தாலும் அப்படித்தான் காய்ந்து கிடக்கும். முப்பது வண்டி பார்த்த எவனுக்கும் தெரிகிற விஷயம் அது. அவருக்கும் தெரியும். ஆனால் துக்கத்தில் இருக்கிறவனுக்கு ஆள் அகப்பட்டால் போதும், அத்தாட்சி எதற்கு? "சொட்டுத் தண்ணி இல்ல," என்று வந்து சொன்னார். அது போதுமானதாக இருந்தது. மூன்றாம் மாதம், துக்கம் கொஞ்சம் ஆறி எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தபோது, ரேடியேட்டர் மாப்பிள்ளை என்ற பெயரும் அவர் வாயிலிருந்தே வந்தது. பெரியப்பா அதைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பாவுக்குக் காது மந்தம், வாய் மந்தமில்லை. அவர் வாய்க்குப் போனது ஊருக்குப் போன மாதிரி.

சரி, இன்ஜினுக்கு வருவோம்.

பிடித்துக்கொண்ட இன்ஜினைப் பிரிப்பது பிணங்கிப் போன சம்பந்தியைச் சமாதானம் செய்கிற மாதிரி. பலம் காட்டினால் காரியம் கெட்டது. முதல் நாள் சுத்தியல் மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் சரிபாதியாகக் கலந்து ஊற்றலாம் என்றார். மத்தியானம் கடை சாத்துகிற இடைவேளையில் வந்திருந்த மருந்துக்கடைக்காரர், தன் பையிலிருந்து அளவுக் குப்பியை எடுத்துவிட்டார்.

"மாப்ள, இது இருமல் மருந்து இல்ல. கண் மதிப்புல ஊத்துங்க."

"சரிபாதின்னு சொன்னீங்களே மச்சான்."

"சொன்னேன். அதுக்காக?"

அதற்காக அவர் அளந்துதான் ஊற்றினார். நாலு ஸ்பார்க் பிளக்கில் மூன்று சுலபமாக வந்தன. அந்தத் துளைகளில் கலவையை இறக்கினார்கள். நாலாவது, பின்கோடியில் இருந்தது, அசையவில்லை. சுத்தியல் அதன் அடியைத் தீயால் காய்ச்சி, சூடாக இருக்கும்போதே மெழுகுவத்தியை வைத்துத் தேய்த்தார். உருகிய மெழுகு மரை இடுக்கில் தானாக உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனது. ஆறவிட்டு, மறுபடி காய்ச்சி, மறுபடி மெழுகு. மூன்றாவது சுற்றில் ஸ்பேனரை மாட்டி, கழற்றாமல், ஒரு நூலளவு இறுக்கினார்.

"இறுக்குறீங்களே?"

"துரு இருக்கே, அது ஒரு பக்கமாத்தான் வீம்பு புடிக்கும். அந்தப் பக்கம் போற மாதிரி போனா, இந்தப் பக்கம் விட்டுடும்."

'கிரீச்' என்று ஒரு சின்னச் சத்தம். பிளக் வந்தது. மருந்துக்கடைக்காரர் அதை உள்ளங்கையில் வாங்கி, உதிர்ந்த பல்லைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் வெள்ளையாக வெந்துபோன தடம் இருந்தது. மற்ற மூன்றில் அது இல்லை. சுத்தியலுக்கு அப்போதே லேசாக ஒரு உறுத்தல். ஆனால் தன் முதுகு தனக்குத் தெரியாது அல்லவா, பிளக்கைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டார்.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைப் பிடித்துக்கொண்டு பதினோரு நட்டுகள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அவற்றோடு போயின. சூடேற்றல், மெழுகு, இறுக்கல், தளர்த்தல். மெழுகுவத்தி தீர்ந்துபோக, மருந்துக்கடைக்காரர் கடையிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்தார். ஒரு ஸ்டட், நட்டு ஏறுகிற மரைக்கம்பி, தலை முறிந்துபோனது. முறிந்த மொட்டையின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்து, அந்தச் சூட்டோடேயே திருப்பி எடுத்தார் சுத்தியல். எல்லா நட்டும் போன பிறகும் ஹெட் அப்படியே உட்கார்ந்திருந்தது. உளியை இடுக்கில் கொடுத்து நெம்பினால் ஐந்து நிமிஷ வேலை, ஆனால் முகம் கீறிவிடும். அப்புறம் எந்தக் காலத்திலும் அது சரியாகப் பொருந்தாது. அதனால் நாலு பக்கமும் மரச்சுத்தியால் தட்டினார். டொக், டொக். இடையில் ஆயில். மறுபடி டொக், டொக். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். சொன்னவர்கள் எத்தனை நாள் ஆகும் என்று சொல்லவில்லை.

தட்டுகிற நேரத்தில், விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு காலி டின்னின் மேல் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் பேசினார். பேசத்தான் வந்தாரோ என்றுகூடச் சுத்தியலுக்குத் தோன்றியது.

"ஒரு குவளையில மொண்டு ஊத்தின மாதிரி ஞாபகம் இருக்கு மச்சான். மூடியைத் திறந்தது, ஊத்தினது, வழிஞ்சு ஷூவுல சொட்டினது எல்லாம் இருக்கு. ஆனா அது அன்னைக்கா, வேற ஒரு நாளான்னு தெரியல. நினைச்சு நினைச்சுத் தேஞ்சு போச்சு. இப்ப அது நடந்ததா, இல்ல நடந்திருக்கணும்னு நான் ஆசைப்பட்டதான்னே புரியல."

சுத்தியல் டொக், டொக் என்று தட்டிக்கொண்டே இருந்தார்.

ஆறாம் நாள் காலை, டயர் கடைக்காரர் தாலாட்டு விசாரித்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், ஹெட் விட்டுக்கொடுத்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. பசை போட்ட காகிதம் உரிகிற மாதிரி ஒரு 'பிசுக்'. சுத்தியல் இரண்டு கையாலும் அதைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். நாலு பிஸ்டன்களும் துருவும் கரியும் அப்பிக் கிடந்தன. முன்னால் இருந்த மூன்றும் துருவில் ஒட்டியிருந்தன, அவ்வளவுதான். பின்கோடி நாலாவதுதான் சூட்டில் வெந்து, சிலிண்டர் சுவரைக் கீறி, அதிலேயே ஐக்கியமாகிவிட்டிருந்தது. ஹெட்டுக்கும் கீழே இருந்த பிளாக்குக்கும் நடுவில் வைக்கிற தகடு, கேஸ்கட் என்பார்கள், பிளாக்கின் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மண்ணெண்ணெய்த் துணியால் அவர் அந்தத் தகட்டைத் துடைத்தார். கரி போகப் போக, ஓரத்தில் ஒரு அம்புக்குறி தெரிந்தது.

அந்த அம்புக்குறி ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். அது டிரைவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுத்தியல் துணியைக் கீழே வைத்தார். திரும்ப எடுத்தார். மறுபடி துடைத்தார். துடைத்தால் அம்பு திரும்பிக்கொள்ளுமா என்ன? இந்த வகை இன்ஜினில் அந்தத் தகடு இரண்டு பக்கமாக வைத்தாலும் பொருந்திவிடும். சிலிண்டர் துளைகள் பொருந்தும், ஸ்டட் துளைகள் பொருந்தும். தண்ணீர் போகிற துளைகள் மட்டும் பொருந்தாது. பின்பக்கம் இரண்டு பெரிய துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகடு, அதில் வட்டமாக இரண்டு துருக்கறை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் அங்கே வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போன தடம். ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. ஒரு மலை ஏறட்டும், பின்கோடி சிலிண்டர் வெந்துவிடும். அண்டா அண்டாவாகத் தண்ணீர் ஊற்றியிருந்தாலும் வெந்துவிடும்.

அந்தத் தகட்டை மாட்டியது யார் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மலைப் பயணத்துக்கு மூன்று வாரம் முன்னால், இந்தக் கார் இதே பட்டறைக்கு ரிப்பேருக்கு வந்தபோது, மாட்டியவர் அவர்தான். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள். பார்வை நேரம் முடிவதற்குள் போய்விட வேண்டும் என்று கை பறந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மாட்டினார், இறுக்கினார், கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ் பிடிக்க ஓடினார்.

அவர் காலி டின்னின் மேல் உட்கார்ந்தார். மாப்பிள்ளை தினமும் உட்காருகிற டின். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று எத்தனையோ தடவை ஊர்க்கதை பேசும்போது சொல்லியிருக்கிறார். இப்போது அது அவர் மடியிலேயே வந்து விழுந்திருந்தது. 'அவ வந்துட்டாளா' என்று அம்மா கேட்ட மூன்று தடவையும் சேர்ந்து கேட்டது. அவருக்கு அழுகை வந்தது, கரிக்கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அழுகை நின்றதும் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. அதுதானே அதன் குணம். கேஸ்கட்டைச் சுரண்டிக் குப்பையில் போட ஐந்து நிமிஷம். மாப்பிள்ளைக்கு அம்புக்குறிக்கும் ஊக்குக்கும் வித்தியாசம் தெரியாது. 'தண்ணி பம்ப் போயிருக்கு மாப்ள. உங்க மேல தப்பில்ல, யார் மேலயும் தப்பில்ல,' என்று சொல்லிவிட்டால் போதும். அவருக்கும் நிம்மதி, இவருக்கும் நிம்மதி. நல்ல பொய்தான். சொல்லிப்பார்த்தார்கூட, காலி பட்டறையில், வாய்விட்டு. "யார் மேலயும் தப்பில்ல மாப்ள." கேட்க நன்றாகவே இருந்தது.

எழுந்து சுரண்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். அம்புக்குறியின் ஓரத்தில் வைத்தார். யார் மேலும் தப்பில்லை என்று ஒருத்தர்கூட அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளைக்காகச் சொல்லவில்லை என்பது அப்போது ஞாபகம் வந்தது. ஊத்தினேன் மச்சான் என்று அந்த மனிதர் சொன்னார், ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அப்புறம் பதினோரு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். சுத்தியல் கையிலிருந்ததை மேஜைமேல் வைத்துவிட்டு, தகட்டின் மேல் துணியைப் போட்டு மூடினார். போனை எடுத்தார்.

"மாப்ள, ஹெட் வந்துடுச்சு. வாங்க. தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க."

தங்கை தையல் கடையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், கழுத்தில் அளவு டேப் தொங்கியது. "ரெண்டு பேர் துணி வெட்டணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. அப்படி என்னண்ணே தலை போற அவசரம்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள், அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். மருந்துக்கடைக்காரர் அவள் பின்னால் நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தீர்ப்புக்கு வந்தவர் அவர்.

சுத்தியல் துணியை எடுத்தார். விரலை வைத்துக் காட்டினார்.

"இந்த அம்பு முன்னாடி பாக்கணும். பின்னாடி பாக்குது. இங்க ரெண்டு ஓட்டை இருக்கணும், இல்ல. தண்ணி கடைசி சிலிண்டருக்குப் போகவே இல்ல. அதனாலதான் புடிச்சுக்கிச்சு." விரலை அங்கிருந்து எடுத்தார். "மாட்டினது நான்தான். அம்மாவைச் சேர்த்த அன்னைக்கு, அவசரத்துல, முன்பின் மாத்தி மாட்டிட்டேன். என் தப்பு. முழுக்க என் தப்பு. அதை மாப்பிள்ளை தலையில கட்டிட்டேன்."

வெளியே டயர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் ஓடி நின்றது. தங்கை அம்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பேசியது மருந்துக்கடைக்காரர்.

"அப்ப நான் தண்ணி ஊத்தினேனா மச்சான்?"

சுத்தியல் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இத்தனைக்கும் பிறகு இந்த மனிதர் கேட்பது இதைத்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன? ஆனால் ஏற்கெனவே தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லித்தான் இவ்வளவும் வந்தது.

"ஊத்தியிருந்தாலும் இதே கதிதான் மாப்ள. இன்ஜின் அவ்வளவுதான் சொல்லும். ஊத்தினீங்களா இல்லையான்னு அதால சொல்ல முடியாது. என்னாலயும் முடியாது."

மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். சரி, சரி என்றார். அவர் கை தானாகக் கைக்குட்டையைத் தேடியது.

"ஊத்தினாரு," என்றாள் தங்கை.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் இன்னும் அம்பிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் ஜன்னல்ல நின்னு தலை வாரிக்கிட்டு இருந்தேன். சமையலறைக் குவளையை எடுத்துட்டுப் போனாரு. குடிக்கிற தண்ணி மொள்ற குவளையைக் கொண்டுபோய் வண்டியில விடுறாரேன்னு எனக்குக் கோவம்கூட வந்துச்சு. ரெண்டு தடவை மொண்டு ஊத்தினாரு. வழிஞ்சுது."

"பாத்தியா?" சுத்தியல் ஓரடி முன்னால் வந்தார். "பாத்துட்டு ஏன் சொல்லல?"

"நீதான் மெக்கானிக்." அவள் இப்போது நிமிர்ந்தாள். "எல்லார் முன்னாலயும் நீ சொன்னே. சொட்டுத் தண்ணி இல்லன்னு வந்து சொன்னே. என் கண்ணுதான் தப்பாப் பாத்திருக்கும், அது வேற நாளா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம், அம்மாவைப் பாக்காமப் போயிட்டேனேன்னு யார் மேலயாவது கோவப்படணும் போல இருந்துச்சுண்ணே. இவர் பக்கத்துல இருந்தாரு. திருப்பி ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அவள் கழுத்திலிருந்த டேப்பை இழுத்துக் கையில் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"குவளை என்ன நிறம்?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். மெதுவாக, சீட்டைப் படித்துச் சரிபார்க்கிற குரலில்.

"பச்சை. கைப்பிடி உடைஞ்சது."

"ஆமா." அவர் கண்ணை மூடினார். "கைப்பிடி உடைஞ்சிருந்துச்சு. அடியில பிடிச்சு ஊத்தினேன். அதான் ஷூவுல வழிஞ்சுது. ஆமா." அவர் டின்னின் மேல் உட்கார்ந்து, முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், பதினோரு வருஷம் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தவர். தங்கை போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சுடுங்க, என்னை மன்னிச்சுடுங்க," என்றாள். சுத்தியல் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நாலாவது பிஸ்டனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அதைக் கழற்ற மேலும் ஒன்பது நாள் ஆனது, அது தனிப் பாடு.

"தங்கச்சி," என்றார் கடைசியில். "என்னை..."

"உன்கிட்ட இப்ப எனக்குப் பேச்சு வரலண்ணே. எப்ப வரும்னும் தெரியல." அவள் திரும்பாமலே சொன்னாள். "முதல்ல பெரியப்பாவுக்குப் போன் போடு."

பெரியப்பா எடுத்தார். எண்பத்துநாலு வயதிலும் அவருடைய 'ஹலோ' பட்டறைச் சுவரில் மோதித் திரும்பியது.

"பெரியப்பா, நான்தான் பேசுறேன். மாப்பிள்ளை வண்டியைப் பிரிச்சேன். அன்னைக்கு அவர் தண்ணி ஊத்தியிருக்காரு."

"யாரு? ரேடியேட்டரா? என்ன, மறுபடி மறந்துட்டாரா?" அந்தப் பக்கம் சிரிப்பு.

"மறக்கல பெரியப்பா. தப்பு என்னோடது."

"கேக்கல! சத்தமாச் சொல்லு!"

சுத்தியல் வாசல் பக்கம் வந்தார். உள்ளே சிக்னல் விட்டுவிட்டு வந்தது. "அவர் தண்ணி ஊத்தினாரு பெரியப்பா! நான்தான் தப்பா மாட்டினேன்!"

"எதை மாட்டினே? சத்தமா!"

எதிரே டயர் கடைக்காரர் டியூபைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார். பக்கத்து அச்சகத்திலிருந்து இரண்டு தலைகள் எட்டின. சுத்தியல் ஒரு கணம் தெருவைப் பார்த்தார். முப்பது வருஷமாக அவர் வேலையை நம்பி வண்டி விட்டுப்போகிற தெரு. மூச்சை இழுத்துக்கொண்டார்.

"இன்ஜினைத் தப்பாப் பூட்டினது நான்! மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல! என்னாலதான் அவ அம்மாவைப் பாக்க முடியாமப் போச்சு! நான்தான்!"

போனில் பெரியப்பாவின் குரல் வந்தது. அவரிடம் அப்படி ஒரு சின்னக் குரல் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது.

"கேட்டுச்சுடா. கத்தாதே."

சுத்தியல் திரும்பிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்து பட்டறை வாசலில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை சொல்றேன் பெரியப்பா," என்றார் சுத்தியல். முன்னைவிடச் சத்தமாக, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து மறுபடி சொன்னார். பட்டறையில் ஆறு நாளாகச் சத்தமே கேட்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த டயர் கடைக்காரர், டியூபைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.